கேளுங்க சொல்றேன்: எம்ஆர்ஐ ரூமுக்குள்ள போறதுக்கு முன்னாடி

போன இதழ்ல முதுகுவலி பத்தி எழுதுனப்ப, காந்தத்த வச்சு உடம்புக்குள்ள படம் எடுக்கற எம்ஆர்ஐ ஸ்கேன்னு ஒரு வார்த்தை போட்டேன், அவ்ளோதான், வந்த லெட்டர் வாட்ஸ்அப் வாய்ஸ் எல்லாமே அதப் பத்தித்தான். முழங்கால் வலி, தூக்கம் வரல கேள்வியெல்லாம் அடுத்த இதழுக்குத் தள்ளிட்டேன், கோச்சுக்காதீங்க. ஸ்கேன் ரூம்லயே வேலை பாத்து ரிட்டையர் ஆனவன்ங்கறதால இந்த விஷயத்துல கொஞ்சம் நீளமா பேசுவேன், பொறுத்துக்கங்க.

திருவையாறு வாசகி: எங்க மாமியாருக்கு கழுத்து எலும்பு தேய்மானம்னு எம்ஆர்ஐ எழுதிக் குடுத்தாங்க. தஞ்சாவூர்ல போய் டோக்கன் போட்டு உக்காந்தா தாலியக் கழட்டணும்னுட்டாங்க. மாமா உயிரோட இருக்கறப்ப நான் எப்படி கழட்டுவேன்னு அத்தை அழுதுட்டு திரும்பி வந்துட்டாங்க. தங்கம் காந்தத்துல ஒட்டாதே, அப்புறம் எதுக்கு கழட்டச் சொல்றாங்க?

அத்தை அழுததுல ஒரு தப்பும் இல்லம்மா. தப்பு எங்கன்னா, போன்ல புக் பண்றப்பவே இத சொல்லிருக்கணும், டோக்கன் போட்டு அரை நாள் உக்கார வச்சு கதவுகிட்ட வந்தப்புறம் சொல்றது தப்பு.

தங்கம் காந்தத்துல ஒட்டாதுங்கறது சரிதான். வெள்ளி, செம்பு எதுவும் ஒட்டாது. ஆனா அந்த மெஷின்ல காந்தம் மட்டும் இல்ல, படம் எடுக்க ரேடியோ அலையும் அனுப்புறாங்க, 1.5 டெஸ்லா (காந்தத்தோட பலத்த அளக்கற அலகு) மெஷின்ல அது கிட்டத்தட்ட 64 மெகாஹெர்ட்ஸ், நம்ம எஃப்எம் ஸ்டேஷன் வர்ற இடத்துக்கு கொஞ்சம் கீழ. உடம்பு மேல உலோகம் வளையமா கிடந்தா அந்த அலையால அதுக்குள்ள கரண்ட் ஓடி சூடாகும், தோல்ல பட்ட இடம் பொத்துப் போற அளவுக்கு கூட சூடாகலாம். அதோட உலோகம் இருக்கற இடத்த சுத்தி படம் கருப்பா கோணலா வரும், அத்தைக்கு எடுக்கப்போறதே கழுத்து, அப்ப காசு குடுத்து எடுத்தும் டாக்டருக்கு ஒண்ணும் தெரியாது.

இது ரெண்டையும் விட எனக்கு பயம் வேற ஒண்ணுல. அத்தையோட தாலிக்கொடிய ஒரு தடவ திருப்பிப் பாருங்க. நாலு ஊக்கு மாட்டிருக்கும். எங்க அம்மா கொடிலயும் இருந்துச்சு, அவசரத்துக்கு உதவும்னு நம்ம பொம்பளைங்க எல்லாருமே மாட்டி வச்சிருப்பாங்க. தங்கம் சும்மா இருக்கும், அந்த ஊக்கு சும்மா இருக்காது, அது இரும்பு. மெஷின் வாய்கிட்ட போனதும் கொடியோட சேத்து நட்டுக்கும், ஒண்ணு கழண்டு பறந்தா கண்ணு முகம்னு பாக்காது.

வழி ரொம்ப சிம்பிள், நம்ம ஊர்ல நெறைய பேர் செய்யறதுதான். ஸ்கேனுக்குப் போற அன்னிக்கு காலைல வீட்லயே, மஞ்சக்கயித்துல ஒரு மஞ்சக்கெழங்கு கட்டி, மாமா கையாலயே அத்தை கழுத்துல போடச் சொல்லுங்க. அது ஏறுனதுக்கு அப்புறம் கொடிய கழட்டுங்க, கழுத்து ஒரு நிமிஷம் கூட வெறுமையா இருக்காது. நூலும் மஞ்சளும் உள்ள போறதுல ஒரு ஆபத்தும் இல்ல, டெக்னீஷியனும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. கொடிய வீட்லயே பீரோல வச்சிட்டுப் போங்க, ஸ்கேன் சென்டர்ல யார் கையில குடுக்கறது யார் மடியில முடியறதுன்னு ஒரு டென்ஷன் வேண்டாம்.

அப்டியே மெட்டி, மூக்குத்தி, தோடு, கொலுசு, இடுப்புல சாவிக்கொத்து, சுருக்குப்பை. சுருக்குப்பைல காசு இருக்கும், நம்ம ஒரு ரூபா ரெண்டு ரூபா காசெல்லாம் காந்தத்துல ஒட்டும், வீட்ல ஃப்ரிட்ஜ் காந்தத்த வச்சுப் பாருங்க. வெத்தல போடறவங்களா இருந்தா பாக்குவெட்டி. வருஷக்கணக்கா கழட்டாத மூக்குத்தின்னா திருகு இறுகிப் போயிருக்கும், ரெண்டு நாள் முன்னாடியே பத்தர்கிட்ட காட்டி கழட்டிடுங்க, அங்க போய் சோப்பு போட்டு இழுத்து மூக்கப் புண்ணாக்க வேண்டாம். மெட்டி கழலவே மாட்டேங்குதுன்னா மறைக்காம டெக்னீஷியன்ட்ட சொல்லுங்க, என்ன உலோகம், எந்த இடத்துல ஸ்கேன்னு பாத்து அவங்க முடிவு பண்ணுவாங்க.

இன்னொண்ணு, ஆஸ்பத்திரிக்குப் போறோம்னு நல்ல புடவையா கட்டிட்டுப் போற பழக்கம் நமக்கு உண்டு. திருபுவனம் பட்டு கட்டிட்டு வந்து கவுன் மாத்த மாட்டேன்னு சண்டை போட்ட அம்மாவ எல்லாம் பாத்திருக்கேன். அசல் ஜரிகைங்கறது வெள்ளிக் கம்பி இழை, அதுவும் உலோகம்தான், உடம்ப சுத்தி கட்டியிருக்கற உலோகம். கவுன் குடுத்தா மாத்திக்கங்க. ப்ளவுஸ் கொக்கி, உள்ளாடை கொக்கி எல்லாத்துக்கும் அதுவே தீர்வு. ஜிம்முக்குப் போடற சில டீஷர்ட்ல நாத்தம் வராம இருக்க வெள்ளி இழை கலக்கறாங்க, இளசுங்களும் கவுன் மாத்தணும்.

மன்னார்குடி வாசகர்: அப்பாவுக்கு தலை ஸ்கேன் முடிஞ்சு சத்தமெல்லாம் நின்னுடுச்சு. எழுந்திரிக்க தடுமாறுனாரேன்னு நான் ஓடினேன், கையில தூக்குவாளி இருந்துச்சு. அந்த டெக்னீஷியன் பொண்ணு என் சட்டையப் புடிச்சு இழுத்து கத்துச்சு. மெஷின்தான் ஆஃப் ஆயிடுச்சே, வயசுக்கு ஒரு மரியாத வேண்டாமா?

அண்ணே, அந்தப் பொண்ணு உங்க அப்பாவ காப்பாத்திருக்கு, அடுத்த தடவ போறப்ப ஒரு கிலோ அசோகா வாங்கிக் குடுத்துட்டு வாங்க.

சத்தம் நின்னா மெஷின் ஆஃப்னு நெனைக்கறதுதான் இந்த விஷயத்துலயே பெரிய ஆபத்து. டொக் டொக்னு கேக்கறது படம் எடுக்கற காயில் ஆடுற சத்தம். காந்தம் வேற. அது ராத்திரி, ஞாயித்துக்கிழமை, பொங்கல், யாருமே இல்லாதப்ப, எப்பவும் ஆன்லதான் இருக்கும். உள்ள இருக்கற கம்பிச் சுருள திரவ ஹீலியத்துல மைனஸ் 269 டிகிரில முக்கி வச்சிருக்காங்க, அந்தக் குளிர்ல கம்பிக்கு மின்தடையே கிடையாது, ஒரு தடவ ஏத்துன கரண்ட் வெளிய இருந்து கரண்ட் வராமயே சுத்திக்கிட்டே இருக்கும். 2018 நவம்பர்ல கஜா அடிச்சப்ப நம்ம பக்கம் நாள் கணக்கா கரண்ட் இல்லாம கெடந்தோம்ல, அந்த மாதிரி இருட்டுல கூட எம்ஆர்ஐ ரூமுக்குள்ள டார்ச் லைட்டோட ஓடக் கூடாது. லைட் எரியாது, ஸ்க்ரீன் எரியாது, காந்தம் மட்டும் அப்டியே இருக்கும்.

எவ்ளோ பவர்னு கேட்டா, 1.5 டெஸ்லாங்கறது பூமியோட காந்தத்த விட 30,000 மடங்குக்கும் மேல. 3 டெஸ்லா மெஷினும் இப்ப நெறைய இருக்கு. மோசம் என்னன்னா அது படிப்படியா இழுக்காது. கதவுகிட்ட நிக்கறப்ப தூக்குவாளில ஒரு வித்தியாசமும் தெரியாது, ரெண்டு அடி வைக்கறப்ப லேசா கை முன்னாடி போற மாதிரி இருக்கும், அடுத்த அடில கைய விட்டுப் போயிருக்கும். எவர்சில்வர்ல சிலது காந்தத்துல ஒட்டும் சிலது ஒட்டாது, உங்க தூக்குவாளி எந்த ரகம்னு அந்தப் பொண்ணுக்கு எப்படித் தெரியும்? அது பறந்து போற வழியில இருந்தது உங்க அப்பா தலை.

கத கட்டுறேன்னு நெனைக்காதீங்க. 2018 ஜனவரில மும்பை நாயர் ஆஸ்பத்திரில 32 வயசு பையன், சொந்தக்காரங்களுக்கு ஸ்கேன்னு கூடப் போனவர், ஆக்சிஜன் சிலிண்டரத் தூக்கிட்டு உள்ள போனார், மெஷின் ஆஃப்லதான் இருக்குன்னு சொன்னாங்கன்னு வீட்டாளுங்க சொன்னாங்க, சிலிண்டரோட சேத்து இழுத்துருச்சு, பொழைக்கல. 2014ல நவி மும்பைல ஒரு கேன்சர் ஆராய்ச்சி மையத்துல சிலிண்டருக்கும் மெஷினுக்கும் நடுவுல ரெண்டு பேர் மாட்டிக்கிட்டு 4 மணி நேரம் கெடந்தாங்க. 2001ல நியூயார்க் பக்கத்துல ஸ்கேன்ல படுத்திருந்த 6 வயசு குழந்தை மேல சிலிண்டர் பறந்து விழுந்து இறந்துச்சு. கிட்டத்துல 2025 ஜூலைல, அதுவும் நியூயார்க் பக்கம்தான், பொண்டாட்டிய டேபிள்ல இருந்து எழுப்பி விட உள்ள போனார் ஒரு 61 வயசுக்காரர், கழுத்துல எக்சர்சைஸுக்குப் போடற 9 கிலோ இரும்புச் சங்கிலி, அத கழட்டல. கழுத்தோட இழுத்துருச்சு, அடுத்த நாள் இறந்துட்டார். நீங்க ஓடுன அதே காரணத்துக்குத்தான் அவரும் போனார், எழுப்பி விட.

இதுல மும்பைக்காரரும் நியூயார்க்காரரும் பேஷண்ட்டே இல்ல பாருங்க. பேஷண்ட்ட எல்லாரும் தடவித் தடவி செக் பண்ணுவாங்க, கேள்வி கேட்டு ஃபார்ம் நிரப்புவாங்க, கவுன் மாத்துவாங்க. கூட வர்றவங்கள யாரும் கேக்கறது இல்ல. நம்ம ஊர்ல ஒருத்தருக்கு ஸ்கேன்னா வேன்ல ஏழு பேர் வருவோம், மருமகன், சித்தப்பா, பக்கத்து வீட்டு அண்ணன்னு, ஒருத்தர் கையில ஃப்ளாஸ்க், ஒருத்தர் பாக்கெட்ல ஸ்பானர், ஒருத்தர் இடுப்புல பெல்ட். பாசத்துலதான் உள்ள ஓடுறோம். அதனால நான் எப்பவும் சொல்றது, உள்ள யார் கால் வைக்கறாங்களோ அவங்க எல்லாருக்கும் அதே செக் வேணும், உங்கள கேக்கலன்னா நீங்களே கேளுங்க, "நான் உள்ள வரலாமா, என்னெல்லாம் கழட்டணும்"னு. வீல்சேர், ஸ்ட்ரெச்சர், சிலிண்டர் எல்லாத்துக்கும் இரும்பில்லாத தனி ரகம் இருக்கு, வார்டுல இருந்து வந்த வண்டிய அப்டியே உள்ள தள்ளிட்டுப் போகக் கூடாது. அட்டெண்டர் சொன்னாலும் சரி, பெரிய டாக்டரே சொன்னாலும் சரி, அந்தக் கதவ பொறுத்தவரைக்கும் டெக்னீஷியன் பேச்சுதான் கடைசிப் பேச்சு.

சுவாமிமலை வாசகர்: சிலை வேலை செய்யறேன். தலைசுத்தலுக்கு எம்ஆர்ஐ எழுதிருக்காங்க. கண்ணுல எப்பவாவது தூசி விழுந்திருக்கான்னு ஃபார்ம்ல கேட்டிருந்தாங்க, இல்லன்னு எழுதிட்டேன். பஞ்சலோகம் காந்தத்துல ஒட்டாதுல்ல?

ஒட்டாது. ஆனா நீங்க அத செதுக்கறது எதால? உளி இரும்பு, அரம் இரும்பு, க்ரைண்டர் ப்ளேட்ல இருந்தும் பொறி பறக்குது. பல வருஷம் முன்னாடி கண்ணுக்குள்ள ஒரு துணுக்கு போய், ரெண்டு நாள் உறுத்தி, அப்புறம் சரியாயிடுச்சுன்னு மறந்தே போயிருப்பீங்க. துணுக்கு வெளிய வந்துச்சா உள்ளயே தங்கிருச்சான்னு உங்களுக்குத் தெரியாது. உள்ள இருந்தா காந்தத்துக்குள்ள போறப்ப அது திரும்பும், நகரும், ரத்தக்கசிவு வந்து பார்வையே போன கேஸ் வைத்திய புத்தகத்துல பதிவாயிருக்கு.

அதனால அந்த ஃபார்ம திருப்பி வாங்கி மாத்தி எழுதுங்க தம்பி. பெருசா ஒண்ணும் பண்ண மாட்டாங்க, கண்ணுக்கு ஒரு எக்ஸ்ரே எடுத்துப் பாப்பாங்க, சின்ன துணுக்கு இருந்தாலும் அதுல வெள்ளையா தெரியும். இல்லன்னா நிம்மதியா ஸ்கேனுக்குப் போகலாம். இது உங்களுக்கு மட்டும் இல்ல, லேத் பட்டறை, வெல்டிங், அறுவடை மெஷின் ரிப்பேர், நாச்சியார்கோவில் விளக்குப் பட்டறைல கடைசல் வேலை பாக்கறவங்க எல்லாருக்கும்தான். கண்ணாடி போட்டு வேலை செய்ங்கன்னு சொன்னா கேக்கறீங்களா, அது தனிக் கத.

பட்டுக்கோட்டை வாசகர்: எனக்கு பைக் ஆக்சிடெண்ட்ல கால்ல ப்ளேட் வச்சிருக்கு. அப்பாவுக்கு ஸ்டென்ட். பெரியப்பாவுக்கு பேஸ்மேக்கர். மூணு பேரும் எம்ஆர்ஐ எடுக்கலாமா?

நீங்களும் அப்பாவும் பெரும்பாலும் எடுக்கலாம். எலும்புல வைக்கற ப்ளேட், ஸ்க்ரூ எல்லாம் டைட்டானியம் இல்லன்னா இழுக்காத ரக ஸ்டீல், எலும்போட இறுகியும் இருக்கும், அந்த எடத்துல படம் கொஞ்சம் கெடும் அவ்ளோதான். இப்ப வைக்கற இதய ஸ்டென்ட்டும் அப்டித்தான். ஆனா டிஸ்சார்ஜ் சம்மரிய எடுத்துட்டுப் போங்க, "என்னமோ வச்சாங்க சார்"னு சொன்னா அவங்க என்ன பண்ணுவாங்க.

பெரியப்பா விஷயம் வேற. பழைய பேஸ்மேக்கர்னா எம்ஆர்ஐ கிட்டயே போகக் கூடாதுன்னு ஒரு காலம். இப்ப எம்ஆர்ஐக்கு ஏத்த மாதிரி செஞ்ச மாடலே இருக்கு, ஆனா நிபந்தனையோட. பேஸ்மேக்கர் கம்பெனி, மாடல் நம்பர், இதயத்துக்குள்ள போற ஒயர் என்ன ரகம், பழைய ஒயர் ஏதும் உள்ளயே விட்டிருக்கா, எத்தன டெஸ்லா வரைக்கும் தாங்கும், எல்லாம் பாக்கணும். ஸ்கேனுக்கு முன்னாடி இதய டாக்டர் ஆளு வந்து அத எம்ஆர்ஐ மோடுக்கு மாத்தணும், முடிஞ்சதும் திருப்பி வைக்கணும். பேஸ்மேக்கர் வச்சப்ப ஒரு கார்டு குடுத்திருப்பாங்க, அத ரேஷன் கார்டு மாதிரி பத்திரமா வைக்கச் சொல்லுங்க. அது இல்லாம கேள்விக்கே இடமில்ல. மூளை ரத்தக்குழாய்ல க்ளிப் போட்டவங்க, காது கேக்க காக்ளியர் வச்சவங்களுக்கும் இதே கண்டிப்புதான். கார்டுல மஞ்சள் முக்கோணம் இருந்தா நிபந்தனையோடன்னு அர்த்தம், பச்சை சதுரம்னா பயமில்ல, செவப்பு வட்டத்துல குறுக்குக்கோடு போட்டிருந்தா உள்ள போகவே கூடாது.

மயிலாடுதுறை வாசகி: போன மாசம் இடுப்பு ஸ்கேன் எடுத்தப்ப ரெண்டு தொடையும் உரசுற இடத்துல சுருக்குன்னு சூடா இருந்துச்சு. சொன்னா திட்டுவாங்கன்னு பல்லக் கடிச்சிட்டு படுத்திருந்தேன். வெளிய வந்து பாத்தா செவந்திருக்கு. இது சகஜமா?

சகஜம் இல்லம்மா, அடுத்த தடவ டெக்னீஷியன கூப்பிடற அந்த பல்பு பட்டன அமுக்கணும், கையில குடுக்கறதே அதுக்குத்தான். வெறும் தோலும் தோலும் ஒட்டுனா உடம்பே ஒரு வளையம் ஆயிடும், தொடையும் தொடையும், கெண்டைக்காலும் கெண்டைக்காலும், ரெண்டு கையையும் வயித்து மேல கோத்து வச்சாலும் அதே கததான். முன்ன சொன்ன ரேடியோ அலை கரண்ட் அந்த ஒட்டுற எடத்துல பாயும், சுடும். நடுவுல ஒரு துணி, ஒரு திண்டு வச்சா போதும். வைக்க வேண்டியது அவங்க வேலை, மறந்துட்டா "அண்ணே காலுக்கு நடுவுல ஏதாவது வைங்க"ன்னு கேளுங்க. ஈசிஜி ஒயர் உடம்பு மேல சுருண்டு கெடக்கறதும் தப்பு. நெஞ்சுவலிக்கு, சிகரெட் நிறுத்தறதுக்கு, வலிக்குன்னு தோல்ல ஒட்டற மருந்து பட்டைல சிலதுக்குப் பின்னாடி மெல்லிசா உலோகத் தகடு இருக்கும், அதையும் சொல்லணும், டாக்டர்ட்ட கேட்டு எடுத்துட்டு அப்புறம் புதுசு ஒட்டிக்கலாம். பச்சை குத்துனதுல கூட சில மைல இரும்பு இருக்கும், பெரும்பாலும் ஒண்ணும் ஆகாது, சூடு தெரிஞ்சா அமுக்குங்க.

செவந்த எடம் இன்னும் எரிஞ்சா, கொப்புளம் வந்திருந்தா டாக்டர்ட்ட காட்டுங்க, ஸ்கேன் சென்டர்லயும் போய் சொல்லுங்க. திட்ட மாட்டாங்க, திட்டுனா எனக்கு எழுதுங்க.

கும்பகோணம் வாசகர்: குகை மாதிரி இருக்கு, உள்ள போனா மூச்சு முட்டுது. பாதில எழுந்து ஓடி வந்துட்டேன்.

நெறைய பேருக்கு இருக்கற பயம்தான். உள்ள போறதுக்கு முன்னாடியே கண்ண மூடிக்கங்க, உள்ள போனப்புறம் மூடறது பிரயோஜனமில்ல. காத்து வரும், லைட் இருக்கும், ரெண்டு பக்கமும் தெறந்துதான் இருக்கும். காதுக்கு அடைப்பானோ ஹெட்ஃபோனோ கட்டாயம் கேட்டு வாங்குங்க, சத்தம் 100 டெசிபலத் தாண்டும், காது போயிடும். ரொம்ப முடியலன்னா லேசான மயக்க மருந்து குடுத்து எடுக்கற வழி இருக்கு, அதுக்கு வெறும் வயித்தோட வரச் சொல்லுவாங்க, வழியில டிகிரி காபி குடிச்சிட்டு குடிக்கலன்னு சொல்லாதீங்க.

திருவாரூர் வாசகி: நாலு மாச கர்ப்பம். எம்ஆர்ஐ ரேடியேஷன் குழந்தைக்கு ஆகுமா?

எக்ஸ்ரே, சிடி மாதிரி கதிர் இதுல கிடையாது. அவசியம்னு உங்க டாக்டர் சொன்னா எடுக்கலாம், மொத மூணு மாசம்னா இன்னும் யோசிச்சு பண்ணுவாங்க. படம் தெளிவா தெரிய நரம்புல போடற காடோலினியம் மருந்த மட்டும் கர்ப்பத்துல தவிர்ப்பாங்க. கிட்னி ரொம்ப பழுதானவங்க, டயாலிசிஸ்ல இருக்கறவங்களும் அந்த ஊசிக்கு முன்னாடி வாயத் தெறந்து சொல்லணும்.

நாகப்பட்டினம் மாணவர்: இவ்ளோ ஆபத்துன்னா ஒரு ஸ்விட்ச் வச்சு காந்தத்த அணைக்க வேண்டியதுதானே?

ஸ்விட்ச் இருக்கு தம்பி, செவத்துல மூடி போட்டு ஒரு பட்டன், க்வென்ச்னு சொல்லுவாங்க. அத அமுக்குனா உள்ள இருக்கற திரவ ஹீலியம் கொதிச்சு வாயுவாகி கூரை மேல இருக்கற குழாய் வழியா வெளிய போயிடும், காந்தம் செத்துடும். ஒரு லிட்டர் திரவம் 700 லிட்டருக்கும் மேல வாயுவா விரியும். அமுக்குன உடனே இல்ல, காந்தம் எறங்க ஒண்ணு ரெண்டு நிமிஷம் ஆகும், பறந்து வர்ற சிலிண்டர அது நிறுத்தாது. திருப்பி ஹீலியம் நெரப்பி காந்தம் ஏத்த லட்சக்கணக்குல செலவு, நாள் கணக்குல மெஷின் சும்மா நிக்கும், அதுவரைக்கும் அந்த ஏரியா பேஷண்ட் எல்லாம் வேற ஊருக்கு அலையணும்.

அதனால வெறும் வீல்சேர் ஒட்டிக்கிச்சுன்னா அமுக்க மாட்டாங்க, இன்ஜினியர கூப்பிட்டு மெதுவா எறக்குவாங்க. மனுஷன் மாட்டியிருந்தா யோசிக்காம அமுக்கணும், காசு கணக்கு பாக்கக் கூடாது. குழாய் அடைச்சிருந்து வாயு ரூமுக்குள்ள வந்துட்டா ஆக்சிஜன் கொறஞ்சு மயக்கம் வரும், வெள்ளையா புகை மாதிரி தெரிஞ்சா பேஷண்ட்ட இழுத்துட்டு எல்லாரும் வெளிய. உள்ள தீப்பிடிச்சாலும் வராண்டால மாட்டியிருக்கற செவப்பு சிலிண்டரத் தூக்கிட்டு ஓடக் கூடாது, எம்ஆர்ஐ ரூமுக்குன்னு இரும்பில்லாத தீயணைப்பான் தனியா வச்சிருப்பாங்க.

பாபநாசம் வாசகர்: ஏடிஎம் கார்டு?

பின்னாடி இருக்கற கருப்புப் பட்டை அழிஞ்சிடும். கார்டு, போன், வாட்ச், காது மெஷின், பைக் சாவி எல்லாத்தையும் லாக்கர்ல வச்சுப் பூட்டுங்க, லாக்கர் சாவியையும் வெளியவே நிக்கறவங்க கையில குடுத்துட்டுப் போங்க.